கவுன்ட்டி நீதிமன்றத்தில் வழக்கு ஆவணம் எடுப்பது எப்படி? கலிபோர்னியாவை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் நடக்கும் சிவில் வழக்கு பற்றிப் பேச்சு வந்தால், "அங்கே எல்லாமே பொது ஆவணம், நெட்டில் தேடினால் வந்துவிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. வழக்கே போடவில்லை போலிருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிடுவார். பெரும்பாலான சமயம் வழக்கு இருக்கும், கோப்பும் யாரும் பார்க்கக்கூடியதாகத்தான் இருக்கும். அவர் தட்டிய கதவுதான் வேறு.

எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, எந்த வகை நகல் வேண்டும்: இந்த மூன்றுக்கும் இதே வரிசையில் பதில் தெரிந்திருந்தால் வேலை சுலபம். முதலாவது தெரியாமல் மூன்றாவதற்குப் பணம் கட்டுகிறவர்கள்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள். விவாகரத்துத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டியவர், கிரீன் கார்டு விண்ணப்பத்தில் முந்தைய திருமணம் முடிந்ததற்கு ஆதாரம் வைக்க வேண்டியவர், வீடு வாங்கும் முன் விற்பவர் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கிறவர் என எல்லோருக்கும் வழி ஒன்றுதான்.

எந்த நீதிமன்றம்?

அமெரிக்காவில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நீதிமன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்கள். திவால், காப்புரிமை, குடியேற்றத் துறைக்கு எதிரான வழக்குகள் போன்றவை அங்கே நடக்கும். அவற்றின் ஆவணங்கள் 'பேசர்' என்ற ஒரே தளத்தில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் கட்டணமே கிடையாது.

மற்றொன்று மாநில நீதிமன்றங்கள். விவாகரத்து, வாடகைப் பாக்கி, ஒப்பந்த மீறல், கார் விபத்து இழப்பீடு, சொத்துத் தகராறு போன்ற அன்றாட வழக்குகளில் பெரும்பகுதி இங்கேதான் வரும். இவை கவுன்ட்டி வாரியாக நடக்கின்றன. கவுன்ட்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். நாடு முழுக்க 3,100-க்கும் மேல் இருக்கின்றன. லூசியானாவில் அதற்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. பேசரில் கவுன்ட்டி வழக்கு எதுவும் இருக்காது. தேடி ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் விழுகிற குழி இது.

அடுத்த குழப்பம் பெயரில். கவுன்ட்டி அளவில் விசாரணை நடத்தும் நீதிமன்றத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயர் வேறு:

1. கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட்.
2. டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். சிறிய தொகைகளுக்கு கவுன்ட்டி கோர்ட் அட் லா, அதற்கும் கீழே ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்.
3. ஃபுளோரிடா, இல்லினாய், மிசௌரியில் சர்க்யூட் கோர்ட்.
4. பென்சில்வேனியாவில் கோர்ட் ஆஃப் காமன் ப்ளீஸ்.
5. நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட்.

கடைசிப் பெயரைப் பார்த்துவிட்டு நம் பத்திரிகைகள் 'நியூயார்க் உச்ச நீதிமன்றம் அதிரடி' என்று தலைப்புப் போடுவதுண்டு. அங்கே சுப்ரீம் கோர்ட் என்பது வழக்கு முதன்முதலில் விசாரிக்கப்படும் இடம். அந்த மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்துக்குப் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்.

கோப்பை வைத்திருப்பவர் கிளார்க். எந்தக் கிளார்க் என்பதிலும் கவனம் வேண்டும். டெக்சஸின் பெரும்பாலான கவுன்ட்டிகளில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுன்ட்டி கிளார்க் என்று இரண்டு தனி அலுவலகங்கள். ஒருவரிடம் இருக்கிற கோப்பு மற்றவரிடம் இருக்காது. நியூயார்க்கில் கவுன்ட்டி கிளார்க்கே சுப்ரீம் கோர்ட்டின் கிளார்க். கலிபோர்னியாவில் கவுன்ட்டி கிளார்க்கிடம் திருமணப் பதிவு இருக்கும், வழக்குக் கோப்பு இருக்காது. அது சுப்பீரியர் கோர்ட்டின் சொந்தக் கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். கவுன்ட்டி ரெக்கார்டர் என்று இன்னொருவர் உண்டு. நம் சார்பதிவாளர் மாதிரி அவர் பத்திரங்களைப் பதிபவர். தீர்ப்பின் சுருக்கத்தை அவரிடம் பதிந்தால் தோற்றவரின் நிலத்தின் மீது பற்று (லீன், அதாவது அந்தத் தொகைக்கான பிடி) ஏறும். எனவே வீடு வாங்குகிறவர் கோர்ட், ரெக்கார்டர் இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும்.

மேரிலாந்து, விஸ்கான்சின், இண்டியானா மாதிரி சில மாநிலங்களில் மாநிலம் முழுவதற்கும் ஒரே தேடுதளம் உண்டு. கலிபோர்னியாவில் கிடையாது. 58 கவுன்ட்டிக்கு 58 சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தளம். "கலிபோர்னியாவில் இவர் மேல் வழக்கு உண்டா?" என்ற கேள்வியை அப்படியே கேட்க அங்கே இடமில்லை. "சாண்டா கிளாரா கவுன்ட்டியில் உண்டா? அலமீடாவில் உண்டா?" என்று ஒவ்வொன்றாகத்தான் கேட்க முடியும்.

எந்தக் கவுன்ட்டி என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பிரதிவாதி குடியிருக்கும் இடம், ஒப்பந்தம் போட்ட அல்லது நிறைவேற வேண்டிய இடம், விபத்து நடந்த இடம், சொத்து இருக்கும் இடம்: வழக்கு இவற்றில் ஒன்றில்தான் போடப்பட்டிருக்கும். விவாகரத்து என்றால் கணவனோ மனைவியோ அப்போது வசித்த கவுன்ட்டி. தபால் முகவரியில் ஊர் பெயர் மட்டும்தான் இருக்கும் என்பதால், அந்த ஊர் எந்தக் கவுன்ட்டி என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீமான்ட் அலமீடாவில், சன்னிவேல் சாண்டா கிளாராவில். காரில் அரை மணி தூரம்தான், ஆனால் கோர்ட் வேறு.

வழக்கு எண்ணே பாதி விவரம் சொல்லும்

பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது எப்போதும் மேல். லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டில் எண்ணைப் போட்டு வழக்குச் சுருக்கம் பார்க்கக் கட்டணம் இல்லை, பெயரைப் போட்டுத் தேடினால் கட்டணம் உண்டு. வக்கீல் கடிதம், சம்மன், வசூல் நிறுவனத்தின் நோட்டீஸ் என்று எந்தத் தாள் கையில் இருந்தாலும் அதில் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த எண்ணைப் பிரித்துப் படிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் '23 எஸ்டி சிவி 01234' என்பது போல் இருந்தால், 23 என்பது 2023-ம் ஆண்டு, 'எஸ்டி' என்பது நகர மையத்திலுள்ள ஸ்டான்லி மோஸ்க் நீதிமன்றக் கட்டடம், 'சிவி' என்பது பெரிய தொகை சிவில் வழக்கு. 'எல்சி' என்றிருந்தால் சிறிய தொகை, 'யுடி' என்றால் வாடகைதாரரைக் காலிசெய்யக் கோரும் வழக்கு. ஆரஞ்ச் கவுன்ட்டியில் எண் நீளமாக இருக்கும்: 30-2022-01234567-சியு-பிசி-சிஜேசி. 30 என்பது அகர வரிசையில் ஆரஞ்ச் கவுன்ட்டியின் இடம், அடுத்தது ஆண்டு, பிறகு வரிசை எண். 'சியு' பெரிய தொகை சிவில், 'பிசி' ஒப்பந்த மீறல், 'சிஜேசி' மத்திய நீதிமன்றக் கட்டடம். சான் டியாகோவின் பழைய வழக்கு எண்கள் 37-ல் தொடங்கும்.

தொகைப் பிரிவு இப்படி. 2024 ஜனவரி 1 முதல் 35,000 டாலர் வரை 'லிமிடெட் சிவில்', அதற்கு மேல் 'அன்லிமிடெட்'. அதற்கு முன் வரம்பு 25,000. ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற வக்கீல் இல்லாத சிறு வழக்குகளில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். சில தளங்களில் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் தேடவே விடும். பிரிவைத் தவறாகப் போட்டால் 'முடிவுகள் இல்லை' என்று வரும், 'பிரிவு தப்பு' என்று சொல்லாது.

பழைய வழக்குகளில் இன்னொரு சிக்கல். 1998-ல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட 220-வது பிரேரணைக்கு முன்பு, சிறிய தொகை வழக்குகள் முனிசிபல் கோர்ட் என்ற தனி நீதிமன்றத்தில் நடந்தன. 2001-க்குள் எல்லாம் சுப்பீரியர் கோர்ட்டோடு இணைந்துவிட்டன. பழைய முனிசிபல் குறியீட்டுப் பதிவேடுகள் எல்லாம் கணினியில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் காலத்து வழக்கைக் கவுன்ட்டரில் போய்க் கேட்பதுதான் வழி.

பெயர் தேடல்: தமிழ்ப் பெயருக்கு வரும் தனிச் சோதனை

எண் இல்லாதபோது பெயர்தான் கதி. கோர்ட் தளங்கள் குடும்பப் பெயர், முதல் பெயர் என்ற வார்ப்பில் செய்யப்பட்டவை. இனிஷியலோடு வாழும் நமக்கு அங்கேதான் இடிக்கிறது. செந்தில்குமார், தந்தை பெயர் முருகேசன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இந்த வடிவங்களில் எதிலும் இருக்கலாம்:

1. குடும்பப் பெயர் முருகேசன், முதல் பெயர் செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால் இப்படி வரும்.
2. குடும்பப் பெயர் குமார், முதல் பெயர் செந்தில். யாரோ ஒரு கிளார்க் இடைவெளி விட்டு அடித்திருந்தால்.
3. குடும்பப் பெயர் செந்தில்குமார், முதல் பெயர் 'எஃப்என்யு'. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் இப்படி அச்சாகும். அது அப்படியே ஓட்டுநர் உரிமத்துக்கும் வேலைப் பதிவுக்கும் போய், கடைசியில் வழக்குக்கும் வந்து சேரும்.
4. குடும்பப் பெயர் வெறும் 'எம்'.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டல். தமிழ்ச்செல்வன் என்பதற்கு 'டி'க்குப் பின் 'ஹெச்' உண்டா, 'ழ'வுக்கு 'எல்'லா 'இஸட்-ஹெச்'சா என்பதிலேயே நாலு வடிவம் வந்துவிடும். லட்சுமிக்கு 'எக்ஸ்' போடுகிறவர்களும் உண்டு. சில தளங்களில் முதல் மூன்று எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பித் தேடும். அந்த வசதி இருக்கிறதா என்று உதவிப் பக்கத்தில் முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வடிவமாகப் போட்டு, எதையெல்லாம் போட்டோம் என்று குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. திருமணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பெயர், நடத்திய நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றையும் போடுங்கள். கடன் வழக்குகளில் வாதி வங்கியாகவே இருக்க வேண்டியதில்லை. கடனை விலைக்கு வாங்கிய, கேள்விப்படாத நிறுவனமாக இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். கலிபோர்னியா நீதிமன்ற விதி 2.507, இணையக் குறியீட்டில் பிறந்த தேதியையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ காட்டக் கூடாது என்கிறது. எனவே 'குமார்' என்று நூறு வந்தால், அவர்தான் இவர் என்று பட்டியலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. வழக்குக்குள் போய் முகவரி, வேலை, கணவன் மனைவி பெயர் என்று வேறு இரண்டு விவரமாவது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும். பெயர் ஒத்துப்போனதை மட்டும் வைத்து வரன் வீட்டாருக்குத் 'தகவல்' அனுப்புகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

கிரெடிட் ரிப்போர்ட்டில் தீர்ப்பு இல்லை, அதனால் வழக்கு இல்லை என்பதும் செல்லாது. 2017 ஜூலை முதல் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டன.

வழக்குப் பட்டியலைப் படிப்பது

வழக்கு கிடைத்ததும் முதலில் வருவது 'ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ்'. என்ன தேதியில் என்ன தாக்கலானது என்ற வரிசைப் பட்டியல் அது. கோப்பு அல்ல, கோப்பின் பொருளடக்கம். நகல் கேட்கும்போது இதில் உள்ள தலைப்பையும் தேதியையும் அப்படியே எழுதிக் கொடுத்தால் கிளார்க்குக்குத் தேடும் வேலை மிச்சம்.

படிக்கையில் தடுக்கும் சொற்கள் சில. 'கம்ப்ளெயின்ட்' என்பது நம் பிராது. போலீஸ் புகாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ஆன்சர்' எதிர்வழக்குரை. 'மினிட் ஆர்டர்' என்பது அன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்று கிளார்க் எழுதும் குறிப்பு. உண்மையில் என்ன ஆனது என்று சீக்கிரம் அறிய இதைவிட நல்ல தாள் கிடையாது. 'டென்டேடிவ் ரூலிங்' என்பது விசாரணைக்கு முந்தைய நாள் நீதிபதி வெளியிடும் தற்காலிகக் கருத்து. மறுநாள் வாதம் கேட்டு மாறலாம். இதையே தீர்ப்பு என்று செய்தி போட்டவர்கள் உண்டு.

'டிஃபால்ட் என்டர்டு' என்றால் பிரதிவாதி உரிய காலத்தில் பதில் தரவில்லை என்று பதிவானது, அவ்வளவே. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒருதரப்புத் தீர்ப்பு, வந்துவிட்டதாக அர்த்தமில்லை. 'டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட்' என்று தனியாக வரவேண்டும். 'டிஸ்மிஸ்டு வித்தவுட் பிரெஜுடிஸ்' என்றால் அதே வழக்கை மறுபடி போடலாம். 'வித் பிரெஜுடிஸ்' என்றால் முடியாது. 'ரிமூவ்டு' என்றிருந்தால் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு மாறிவிட்டது, இப்போதுதான் பேசருக்குப் போக வேண்டும். 'நோட்டீஸ் ஆஃப் செட்டில்மென்ட்' என்றால் சமரசம் ஆகிவிட்டது. எவ்வளவுக்கு என்று கோப்பில் தேடினால் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் சமரச ஒப்பந்தத்தை யாரும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

கோப்பில் இல்லாத வேறு சிலவும் உண்டு. இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்கும் எழுத்துக் கேள்விகள், வாக்குமூலங்கள் ஆகியவை ஏதாவது மனுவோடு இணைக்கப்பட்டால் தவிர கோப்புக்கு வராது. விசாரணையில் பேசியதன் வரிவரியான பதிவு, பேசுவதைச் சுருக்கெழுத்தில் பதியும் கோர்ட் ரிப்போர்ட்டரிடம் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது. கலிபோர்னியாவில் சிவில் விசாரணைக்குக் கட்சிக்காரர்களே ரிப்போர்ட்டரை ஏற்பாடு செய்யவேண்டிய நிலை பல கவுன்ட்டிகளில் இருக்கிறது. யாரும் ஏற்பாடு செய்யவில்லையென்றால், அன்று பேசியதற்குப் பெரும்பாலும் பதிவே இருக்காது.

திறந்திருப்பது ஒன்று, இணையத்தில் இருப்பது வேறு

பொது ஆவணம் என்றால் யாரும் போய்ப் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கின் கட்சிக்காரராக இருக்கவும் வேண்டாம். ஆனால் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. கலிபோர்னியா விதி 2.503 சில வகைகளை இணையத்தில் காட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. குடும்பநல வழக்குகள், கார்டியன் நியமனம், மனநல வழக்குகள், தொந்தரவுத் தடை மனுக்கள் ஆகியவை அதில் முக்கியமானவை. இவற்றின் பட்டியல் வரி திரையில் தெரியலாம், தாள் தெரியாது. விவாகரத்துக் கோப்பை வெளியார் கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். நியூயார்க்கில் இன்னும் கறார்: விவாகரத்துக் கோப்பைக் கட்சிக்காரரும் அவர்களுடைய வக்கீலும் தவிர மற்றவர்கள் 100 ஆண்டுகளுக்குப் பார்க்க முடியாது.

வீடு காலிசெய்யும் வழக்குக்குத் தனிச் சட்டம். தாக்கலான முதல் 60 நாள் கோப்பு மூடியிருக்கும். அந்த 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தாலோ, அதற்குப் பின் விசாரணை நடந்து அவர் ஜெயித்து நீதிமன்றம் உத்தரவிட்டாலோதான் பிறகு திறக்கும். வழக்குப் போட்டதாலேயே குடித்தனக்காரருக்கு அடுத்த வீடு கிடைக்காமல் போகக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. எனவே அங்கே 'ரெக்கார்டு இல்லை' என்ற பதிலுக்கு, வழக்கு இல்லை என்று அர்த்தமில்லை.

கோப்பையே முத்திரையிட்டு மூட நீதிபதி தனி உத்தரவு போட வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது என்கிறது விதி 2.551.

நகல்: மூன்று வகை, மூன்று விலை

1. சாதா நகல். ஜெராக்ஸ்தான். சட்டப்படி பக்கத்துக்கு 50 சென்ட். படித்துத் தெரிந்துகொள்ள இது போதும். இணையத்தில் ஆவணமாகத் தரவிறக்கினால் கவுன்ட்டிக்கு ஏற்ப வேறு கட்டணம் இருக்கும், சில இடங்களில் இலவசம்.
2. சான்றிட்ட நகல். 'மூலத்தின் சரியான நகல்' என்று கிளார்க் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தது. பக்கக் கட்டணத்தோடு சான்றுக்கு 40 டாலர். விவாகரத்து ஆவணமென்றால் சான்றுக்கு 15 டாலர்தான். சிவில் தீர்ப்பு ஆறு பக்கமென்றால் 3 + 40 = 43 டாலர்.
3. எக்ஸெம்ப்ளிஃபைடு நகல். 'டிரிபிள் சீல்' என்பார்கள். கிளார்க் நகலுக்குச் சான்றளிப்பார், அவர்தான் கிளார்க் என்று நீதிபதி சான்றளிப்பார், அவர்தான் நீதிபதி என்று மறுபடி கிளார்க் சான்றளிப்பார். தீர்ப்பை வேறு மாநிலத்தில் கொண்டுபோய் அமல்படுத்தும்போது இது கேட்கப்படும். சான்றிட்ட நகலைவிட விலையும் கூடுதல், நீதிபதியின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாளும் கூடுதல்.

சான்றுக் கட்டணம் ஆவணத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு அல்ல. ஆனால் 'முழுக் கோப்பும் சான்றிட்டு வேண்டும்' என்று கேட்டால் ஒவ்வொரு ஆவணமும் தனிக் கணக்கு. ஐந்து ஆவணத்துக்குச் சான்றுக்கு மட்டும் 200 டாலர். தீர்ப்பை மட்டும் சான்றிட்டு வாங்கி, மற்றதைச் சாதா நகலாக எடுப்பதே புத்திசாலித்தனம். வழக்கு எண் தராமல் கிளார்க்கைத் தேடச் சொன்னால், பத்து நிமிடத்தைத் தாண்டும் தேடலுக்கு 15 டாலர் தனி. கட்டணங்கள் சட்டத்திருத்தத்தில் மாறும், பணம் அனுப்பும் அன்று அந்தக் கோர்ட்டின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

விவாகரத்துக்கு எதைக் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. தீர்ப்பு எஃப்எல்-180 என்ற படிவத்தில் இருக்கும். அது பதிவானதைத் தெரிவிக்கும் அறிவிப்பு எஃப்எல்-190. 'தீர்ப்பு' என்று கேட்டு அறிவிப்புத் தாளை மட்டும் வாங்கி வருகிறவர்கள் உண்டு. இந்தியாவில் காட்ட வேண்டியது எஃப்எல்-180, அதோடு இணைத்த ஒப்பந்தம் எல்லாப் பக்கமும். திருமண பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அதே படிவத்தின் முதல் பக்கத்தில் தனி வரியாக இருக்கும். தீர்ப்பில் நீதிபதி கையெழுத்திட்ட தேதியும் இந்தத் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மறுமணத்துக்குக் கணக்கு இந்தத் தேதிதான்.

மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் விவாகரத்துச் சான்று கிடைக்கும் என்று படித்துவிட்டு அங்கே எழுதாதீர்கள். அவர்களிடம் இருப்பது 1962 முதல் 1984 ஜூன் வரையான விவாகரத்துகளின் குறிப்பு மட்டும், தீர்ப்பு நகல் அல்ல.

தபாலில் கேட்கும் முறை

நேரில் போக முடிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும். இந்தியாவிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ கேட்பவர் தபாலில் அனுப்ப வேண்டியவை:

1. கோர்ட்டின் நகல் கோரும் படிவம். இல்லாவிட்டால் ஒரு கடிதம்: வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர், ஆவணத்தின் தலைப்பு, தாக்கலான தேதி, எத்தனை நகல், எந்த வகை.
2. காசோலை. எத்தனை பக்கம் என்று தெரியாதபோது தொகையை நிரப்பாமல் விட்டு, 'இந்தத் தொகைக்கு மேற்படாமல்' என்று காசோலையிலேயே எழுதி அனுப்புவது கலிபோர்னியாவில் வழக்கம். கிளார்க் சரியான தொகையை நிரப்பிக்கொள்வார். ஐந்து டாலர் குறைந்ததற்காக மொத்தமும் திரும்பி வருவதை இது தடுக்கும்.
3. திரும்ப அனுப்ப முகவரி எழுதி, போதிய ஸ்டாம்ப் ஒட்டிய உறை. பெரிய உறையாக வையுங்கள். முத்திரை வைத்த நகலை மடித்துச் சின்ன உறையில் திணித்தால் முத்திரை நசுங்கும், ஸ்டேப்பிள் பிரியும். ஸ்டேப்பிள் பிரிந்த சான்றிட்ட நகலை அடுத்த அலுவலகம் ஏற்காமல் போகலாம். ஸ்கேன் எடுக்க நீங்களே பிரிக்கவும் கூடாது.

இந்தியாவிலிருந்து டாலர் காசோலையும் அமெரிக்க ஸ்டாம்பும் கைக்கு வராது. அங்கே இருக்கும் நண்பர் யாராவது போகலாம், அதிகாரப் பத்திரம் எதுவும் தேவையில்லை. இல்லையென்றால் 'அட்டர்னி சர்வீஸ்' என்ற பெயரில் கோர்ட்டுக்குப் போய் நகல் எடுத்துத் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் கோர்ட் கட்டணத்தைவிடக் கூட ஆகும், அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கோப்பு என்னவாகும்?

காலவரையின்றி வைத்திருக்கமாட்டார்கள். கலிபோர்னியாவில் சாதாரண சிவில் வழக்குக் கோப்பை, வழக்கு முடிந்து 10 ஆண்டுக்குப் பின் அழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. குடும்பநலக் கோப்புக்கு 30 ஆண்டு. வீட்டை ஒப்படைக்கச் சொன்னதோடு முடிந்த காலிசெய்யும் வழக்குக்கு ஓராண்டுதான். தேதி தாண்டிய மறுநாளே அழிப்பார்கள் என்றில்லை. பல கோப்புகள் வெளிக் கிடங்கிலோ மைக்ரோஃபிலிமிலோ கிடக்கும், வரவழைக்க நாளாகும். கவுன்ட்டரில் 'இங்கே இல்லை' என்றால், 'அழிக்கப்பட்டதா, கிடங்கில் இருக்கிறதா?' என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

தொகைத் தீர்ப்பும் பொதுவாகப் பத்தாண்டு செல்லும், அதற்குள் புதுப்பித்தால் நீளும். உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்திருந்தால் சான்றிட்ட நகல் ஒன்றை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாளை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது

இந்திய அலுவலகமோ நீதிமன்றமோ கலிபோர்னியா கிளார்க்கின் முத்திரையை அறியாது. அதற்காக உள்ளது அப்போஸ்டில். 1961-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படும் இந்தச் சான்றை 2005-லிருந்து இந்தியாவும் ஏற்கிறது. கலிபோர்னியாவில் இதை செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் தருகிறது. ஒன்றுக்கு 20 டாலர், நேரில் போனால் கையெழுத்து ஒன்றுக்கு 6 டாலர் கூடுதல். அவர்கள் பார்ப்பது கையெழுத்தைத்தான், தீர்ப்பின் உள்ளடக்கத்தை அல்ல. நகலில் கையெழுத்திட்டவரின் மாதிரிக் கையெழுத்து அவர்களிடம் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் இருக்கும் உதவிக் கிளார்க் கையெழுத்திட்டால் சில சமயம் திருப்பிவிடுவார்கள். நகல் கேட்கும்போதே 'அப்போஸ்டிலுக்காக' என்று சொல்லிவிட்டால், அதற்குச் செல்லும் கையெழுத்தோடு தருவார்கள். சாதா நகலை நோட்டரியிடம் காட்டி முத்திரை வாங்கி அப்போஸ்டில் போடுவது குறுக்கு வழி. அந்த அப்போஸ்டில் நோட்டரியின் கையெழுத்தை மட்டும் மெய்ப்பிக்கும், கோர்ட் ஆவணத்தை அல்ல.

நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதென்றால் இன்னொரு படி இருக்கிறது. 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் கவுன்ட்டி சர்க்யூட் கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு நகல் காட்டப்பட்டது. அங்குள்ள உதவிக் கிளார்க் முறையாகச் சான்றிட்ட நகல்தான் அது. ஜெராக்ஸ் என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் ஏற்கவில்லை. சாட்சியச் சட்டப் பிரிவு 86 கேட்கிறபடி, இப்படிச் சான்றிடுவதுதான் அந்த நாட்டு வழக்கம் என்று அங்குள்ள இந்திய அரசின் பிரதிநிதி சான்றளிக்கவில்லை என்பதே காரணம். அந்தப் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 88-ஆக அதே கருத்தில் தொடர்கிறது. தூதரக அத்தாட்சியைத் தவிர்ப்பதுதான் அப்போஸ்டிலின் நோக்கம், ஆனால் சட்டப் பிரிவின் வாசகம் மாறவில்லை. உங்கள் நீதிமன்றத்தில் எது போதும் என்று இந்திய வக்கீலிடம் கேட்டுவிட்டு நகலுக்கு எழுதுங்கள். தபாலில் இரண்டாம் முறை போய்வர மாதங்கள் ஆகும்.

அதே வழக்கில் முக்கியமாகத் தோற்றது நகல் அல்ல, தீர்ப்பே. இந்து திருமணச் சட்டப்படி அந்த மிசௌரி நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். எத்தனை முத்திரை இருந்தாலும், வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லாது என்று சொல்லும் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 13-ன் சோதனையைத் தீர்ப்பு தாண்டியாக வேண்டும். பணத் தீர்ப்பென்றால் இன்னொன்று: எந்த நாட்டுத் தீர்ப்புகளை இங்கே நேராக நிறைவேற்றலாம் என்று சொல்லும் பிரிவு 44-ஏ-வின் கீழ் அமெரிக்கா அறிவிக்கப்படவில்லை. எனவே அங்குள்ள தீர்ப்பை இங்கே நேராக நிறைவேற்று மனுவில் போட முடியாது. அந்தத் தீர்ப்பையே அடிப்படையாக வைத்துப் புது வழக்குப் போட வேண்டும், அதற்குக் காலவரம்பு தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு. நகல் வந்துசேரும் வரை அந்தக் கடிகாரம் நிற்பதில்லை.